பழைய வகுப்புத் தோழரும் நமது கடமையும்



நமது சங்கத்து அன்பர்களில் பலர் இப்போது ஐம்பது வயதை ஒட்டி நிற்கின்றனர். 1990-ஆம் ஆண்டுகளில் ஊரில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இக்கரைக்கு வந்து, தந்தையின் கடையிலோ மாமாவின் கடையிலோ கல்லாப்பெட்டியில் அமர்ந்தவர்கள் இவர்கள். கடை, குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த வேளையில் எங்கிருந்தோ ஒருவர் தொலைபேசி எண்களையெல்லாம் சேகரித்து, பழைய வகுப்பு முழுவதையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். அதன் பிறகு ஒரு வாரத்துக்குக் கடையில் வாடிக்கைக்காரர் வந்து நிற்பதுகூட முதலாளியின் கண்ணில் படுவதில்லை! "டேய், நீயா?" என்பதும், "விடுதியில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவன்தானே நீ?" என்பதுமாகப் பேச்சு பறக்கிறது. அடுத்தபடியாக, ஊரில் ஒன்றுகூடலுக்கு நாள் குறிக்கப்படுகிறது.

"இது வெறும் உலக சந்தோஷம்தானே, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை?" என்று அன்பர் சிலர் நம்மிடம் கேட்டனர். அக்கேள்வியையே இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நமது பாட்டனார் காலத்தவருள் பெரும்பாலோருக்குக் கல்லூரித் தோழர் என்ற உறவே கிடையாது. அவர்களுக்கு இருந்தவை கப்பல் தோழமையும் கடைத் தோழமையுந்தான். ரஜூலா கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வந்தவர்கள், 1973-ல் அக்கப்பல் ஓட்டத்தை நிறுத்திப் பல்லாண்டு கழிந்த பின்பும் ஒருவரையொருவர் மறந்ததில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே நிலையினர். கடைச் சிப்பந்தியாக வந்து, கடைக்கு மேல்மாடியில் படுத்து, மெல்ல மெல்ல உயர்ந்தவர்கள்.

கல்லூரி இதனை மாற்றிவிட்டது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-லேயே தோன்றிவிட்டது. எனினும் 1951-ல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும், சென்னையில் புதுக்கல்லூரியும், 1955-ல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் எழுந்த பிறகுதான் நம் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் திரளாகப் பட்டப்படிப்புக்குச் சென்றனர். அங்கே கப்பல் வியாபாரியின் மகனும், நெசவுக்காரரின் மகனும், பள்ளிவாசல் மோதினாரின் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்தனர்; ஒரே தாளிச்சாவை ஒரே சட்டியிலிருந்து அள்ளித் தின்றனர். மூன்று ஆண்டுகள் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. இன்று அவர்களில் ஒருவருக்கு மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நான்கு கடைகள். ஒருவர் துபாயில் உத்தியோகம். ஒருவர் ஊரிலேயே தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று பெண்மக்களைக் கரையேற்ற வழி தேடிக்கொண்டிருக்கிறார். பெஞ்சு ஒன்றாயிருந்தவர்களின் நிலை பலவாகிப் போனபின் நடக்கும் சந்திப்பு இது. மார்க்கத்துக்கு இதில் வேலை உண்டா என்பதை இவ்விடத்திலிருந்துதான் பார்க்கவேண்டும்.

நாம் வணிகர்கள். எதையும் நிறுத்துப் பார்ப்பது நமது தொழில். அந்தப் பழக்கம் தோழரைப் பார்க்கும்போதும் கையை விட்டுப் போவதில்லை. ஸலாம் சொல்லி முடிக்குமுன் "என்ன செய்கிறாய்?" என்கிறோம். "எத்தனை கடை? சொந்தக் கட்டடமா, வாடகையா? பையன் டாக்டருக்குப் படிக்கிறானாமே?" என்று அடுத்தடுத்துக் கேட்கிறோம். நான்கு கடைக்காரருக்கு இக்கேள்விகள் சர்க்கரைப் பொங்கல். தையற்காரருக்கோ ஒவ்வொன்றும் ஓர் ஊசி. வேண்டுமென்று யாரும் குத்துவதில்லை, ஆயினும் குத்துகிறது.

அறுபது பேர் கொண்ட குழுவைக் கவனித்துப் பாருங்கள். பேசுகிறவர்கள் பத்துப் பேர். பெருநாளுக்கு ஸலாம் சொல்பவர்கள் முப்பது பேர். மற்றவர்கள் வாய் திறப்பதேயில்லை. ஒருவரோ ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் குழுவை விட்டே போய்விடுகிறார். "பெருமைக்காரன், பழசையெல்லாம் மறந்துவிட்டான்" என்று பத்துப் பேரும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். நாம் கண்டவரையில், இத்தகைய மௌனத்துக்குப் பெருமை காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது வெட்கம்.

வெட்கப்படும் நிலை எப்படி வருகிறது என்பதை இந்நாட்டு வணிகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. இவர்கள் தொழிலில் காலூன்றிய வேளையில்தான் 1997-ஆம் ஆண்டின் நாணய நெருக்கடி வந்தது. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டின் மதிப்பு நிலைநிறுத்தப்படும் வரை, கடனுக்குச் சரக்கெடுத்திருந்த எத்தனையோ கடைகள் ஆட்டம் கண்டன. அதில் தப்பியவர்களை 2020 பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 7-ல் சிங்கப்பூரும் கதவடைத்தது. ஜொகூர் பாலம் 2022 ஏப்ரல் முதல் தேதிதான் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. பயணிகளை நம்பியிருந்த நாணய மாற்றுக் கடைக்காரர் இரண்டாண்டுக் காலம் வாடகையை எதிலிருந்து கொடுத்திருப்பார்? குழுவில் பேசாதிருப்பவர்களில் இப்படிப்பட்டவர் ஒருவராவது இருக்கக்கூடும். சோம்பலோ சூதோ காரணமன்று. கதவு மூடிய அன்று அவர் எந்தத் தொழிலில் இருந்தார் என்பதே காரணம்.

இனி, பெருமானார் (ஸல்) அவர்களின் வழக்கத்தைப் பார்ப்போம். மதீனாவில் ஒருநாள் வயது முதிர்ந்த மாது ஒருவர் நாயகம் அவர்களைக் காண வந்தார். நாயகம் அவர்கள் முகமலர்ந்து வரவேற்று, பெயரைக் கேட்டு, நலம் விசாரித்து, நாம் பிரிந்த பின் உங்கள் காலம் எவ்வாறு கழிந்தது என்னும் கருத்துப்பட வினவினார்கள். அம்மாது சென்றபின், ஒரு மூதாட்டிக்கு இத்துணை வரவேற்பா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வியந்தார்கள். கதீஜா இருந்த நாளில் நம் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர் அவர் என்றும், பழைய தொடர்பை அழகுறப் பேணுவது ஈமானைச் சேர்ந்தது என்றும் நாயகம் அவர்கள் விளக்கியதாக இமாம் ஹாக்கிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் காண்கிறோம். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரத்துக்கு முன்பு, ஏறத்தாழ 619-ஆம் ஆண்டில். அதன் பின்னரும் வீட்டில் ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்கு இறைச்சி அனுப்பிவைப்பது நாயகத்தின் வழக்கம் என்பது புகாரியில் உள்ள செய்தி.

அந்த விசாரிப்பு எத்தகையது என்பது கவனிக்கற்பாலது. பிரிந்த பின் கழிந்த காலத்தைப் பற்றித்தான் நாயகம் அவர்கள் கேட்டார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. முன்னதற்கு ஏழையும் தலை நிமிர்ந்து விடை சொல்லலாம். "அல்ஹம்துலில்லாஹ், கொஞ்சம் கஷ்டப்பட்டோம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்" என்று சொல்ல அதில் இடமிருக்கிறது. "எத்தனை கடை?" என்பதற்கு எண்ணைத்தான் சொல்லவேண்டும்.

வணிகர்களுக்கென்றே அமைந்தாற்போல் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ஸாயிப் (ரலி) என்பவர் நாயகம் அவர்களைச் சந்திக்க வந்தபோது, சூழ இருந்தவர்கள் அவரைப் புகழ்ந்து அறிமுகப்படுத்தத் தொடங்கினர். உங்களைவிட இவரை நான் நன்கறிவேன் என்று நாயகம் அவர்கள் தெரிவித்தார்கள். நபித்துவத்துக்கு முன் மக்காவில் இருவரும் வியாபாரத்தில் கூட்டாளிகள். ஸாயிபும் அதனை நினைவுகூர்ந்து, தாங்கள் மிக நல்ல கூட்டாளி, சச்சரவோ வீண் வாதமோ செய்ததில்லை என்று கூறினார். இது அபூதாவூதில் உள்ளது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பகை, எத்தனை போர்! மக்கா நகரின் நிலையே தலைகீழாகிவிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் இருவர் மனத்திலும் முதலில் எழுந்தது, அன்று அந்தக் கொடுக்கல் வாங்கல் சுத்தமாக இருந்தது என்ற நினைவே.

கொடுக்கல் வாங்கல் என்றதும் இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம். பழைய தோழர்கள் சந்தித்து ஆறு மாதம் ஆவதற்குள் பணப் பேச்சு வந்துவிடும். சம்பந்தப் பேச்சும் வரும். பிள்ளைகளுக்கு அந்த வயதுதானே! அது நல்லதே, அதனைப் பெண்டிரிடமும் பெரியோரிடமும் விட்டுவிடுவோம்.

நாம் அறிந்த இருவர் கதை இது. ஒருவர் இங்கே ஜவுளி வியாபாரம் செய்கிறார். மற்றவர் ஊரில் புதிதாகக் கடை போட்டார். "உன்னை எனக்குத் தெரியாதா மச்சான்?" என்ற ஒரு வார்த்தையில் மூன்று லட்ச ரூபாய் கைமாறியது. சீட்டில்லை, சாட்சியில்லை. இரண்டு வருடம் கழித்துக் கடையில் லாபம் வந்தபோது, கொடுத்தவர் அதனைப் பங்குப் பணம் என்று கருதியிருந்ததும், வாங்கியவர் அதனைக் கைமாற்றுக் கடன் என்று கருதியிருந்ததும் தெரியவந்தது. இருவரில் எவரும் பொய்யரல்லர். இன்று இருவரும் பேசுவதில்லை. ஒன்றுகூடலுக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவரின் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல வந்தார். நீ அவருக்கு அண்டை வீட்டாரா, அவருடன் பயணம் செய்திருக்கிறாயா, தீனார் திர்ஹமில் அவருடன் புழங்கியிருக்கிறாயா என்று கலீஃபா அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எதற்கும் ஆம் என்ற விடை வராததால், அப்படியானால் நீ அவரை அறியமாட்டாய் என்று முடித்துவிட்டார்கள். விடுதித் தோழர்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தவர்கள். அண்டை வீட்டுக்கும் மேலான நெருக்கம். விடுமுறைக்கு ஒரே பேருந்தில் ஊர் போய் வந்தவர்கள், பயணமும் ஆயிற்று. ஆனால் அந்நாளில் அவர்களுக்குள் புழங்கிய பணம் டீக்கடைக் கணக்குத்தான். இரண்டை அறிந்திருக்கிறோம், மூன்றாவதை அறியோம். அறிந்த இரண்டும் மிக இனிமையானவை. அதனால் மூன்றாவதையும் அறிந்துவிட்டதாக மனம் சொல்லிக்கொள்கிறது. ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் புகுகிறது.

இதற்கு வழி, தோழருடன் வியாபாரமே வேண்டாமென்று ஒதுங்குவதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது என்பதை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். தவணையுள்ள கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக்கூடாது, கடன்பட்டவர் சொல்ல எழுதப்படவேண்டும், சாட்சிகள் வேண்டும். கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டும் எழுதாதிருக்கச் சலுகை உண்டு. எழுதுவது கட்டாயம் என்று கூறாமல், விரும்பத்தக்கது என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கொண்டனர் என்பது உண்மை. ஆயினும் "நண்பனிடம் சீட்டுக் கேட்பதா?" என்ற கூச்சத்துக்கு அந்த வசனத்தில் இடமே காணோம். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும் என்றிருப்பதில் எத்துணை நயம்! கேட்பவருக்கும் சங்கடமில்லை, சொல்பவருக்கும் கௌரவம்.

சீட்டில் தொகையை மட்டும் எழுதினால் போதாது. அது என்ன பணம் என்று எழுதவேண்டும். கடன் என்றால் கொடுத்ததற்கு மேல் ஒரு காசும் வாங்கலாகாது. முழாரபா என்றால் முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. லாபத்தில் இருவருக்கும் இன்ன விகிதம் என்று முன்பே பேசியிருக்கவேண்டும். உழைப்பவரின் குற்றமில்லாமல் நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் அதனைத் தாங்கவேண்டும். இருவரும் முதல் போட்டால் அது வேறு வகைக் கூட்டு. அன்பளிப்பு என்றால் திரும்பக் கேட்கும் பேச்சே இல்லை. மேலே சொன்ன இருவரும் அன்றைக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருப்பார்களானால், இன்று ஒரே விருந்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

கடன் பெற்ற தோழர் உண்மையாகவே கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், அதே அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது அதனினும் நன்று என்கிறது. இவ்விடத்தில் வணிகர் பலர் கேட்கும் சந்தேகம் ஒன்று: வராக்கடனைப் பேரேட்டில் அடித்துவிட்டு, அதையே இவ்வருட ஜகாத்தாக எழுதிக்கொள்ளலாமா? கூடாது என்பதே பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் முடிவு. ஜகாத் என்பது உரியவர் கையில் போய்ச் சேரவேண்டியது. வராத பணத்தைக் கணக்கில் தள்ளுவது நம் முதலைக் காப்பாற்றிக்கொள்வதாகும். ஆனால் கடனில் மூழ்கியவர், ஒன்பதாம் அத்தியாயம் 60-ஆம் வசனத்தில் கூறப்பட்ட எட்டு வகையினரில் ஒருவர். அவருக்கு ஜகாத்தைப் புதிதாகக் கையில் கொடுக்கலாம். இது ஜகாத் என்று அவரிடம் சொல்லியாகவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. விவரங்களை அவரவர் மத்ஹபின்படி இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

கொடுக்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டியுள்ளது. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தோழமையின் உரிமைகளுக்கென ஒரு பகுதியே ஒதுக்கி, பொருள் பற்றிய உரிமையை முதலில் வைத்தார்கள். தன்னைவிடத் தோழனை முன்வைப்பது மேல்நிலை. தனக்குச் சமமாக வைப்பது இடைநிலை. தன்னிடம் மிஞ்சியதிலிருந்து, அவன் கேட்குமுன்பே அவன் தேவையைத் தீர்ப்பது கடைநிலை. அவன் வாய்விட்டுக் கேட்கும்படி வைத்துவிட்டால் தோழமையில் குறைவைத்துவிட்டோம் என்பது இமாமவர்களின் கருத்து. கேட்டால் கொடுப்பேன் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அக்கடைநிலைக்கும் கீழே இருக்கிறது!

இக்காலத்தில் அதனினும் கீழான ஒன்றைக் காண்கிறோம். தோழர் ஒருவர் நோயுற்றார் என்றால், அவருடைய பெயர், படம், மருத்துவமனைச் சீட்டு அனைத்தையும் குழுவில் போட்டு, இன்னார் இவ்வளவு தந்தார் என்று பட்டியலும் இடுகின்றனர். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் குழுவில் நோயாளியும் இருக்கிறார். நாளை அவர் மகளைப் பெண் கேட்டு வரப்போகிறவரும் இருக்கலாம். நம்பிக்கையான இருவர் மூவர் தனியாகப் பேசி, பெயரில்லாமல் திரட்டி, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் சேர்ப்பிக்க முடியாதா? ஒன்றுகூடலுக்குச் சந்தா வசூலிப்பதும் இப்படியே. பெரிய ஓட்டலில் தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், தையற்காரர் அன்று ஊரில் இருந்துகொண்டே ஊரில் இல்லை என்பார். பழைய கல்லூரி வளாகத்திலேயோ, ஒரு தோழரின் வீட்டு முற்றத்திலேயோ நெய்ச்சோறு ஆக்கிப் போட்டால் செலவு குறையும். இயன்றவர்கள் முன்கூட்டியே செலவை ஏற்றுவிட்டால் சந்தா என்ற பேச்சே எழாது.

குழுவில் பேசாதவரை எவ்வாறு அணுகுவது? தொலைபேசியில் அழைத்தால் "எல்லாம் நலம்" என்று வைத்துவிடுவார். நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்த ஸல்மான், அபுத்தர்தா (ரலி) இருவரின் வரலாறு இங்கே உதவும். ஸல்மான் அவர்கள் தோழரைக் காண வீட்டுக்கே சென்றார்கள். சென்ற இடத்தில் உம்முத்தர்தா அவர்களின் மங்கிய உடையைக் கண்டுதான் வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டார்கள். அன்றிரவு அங்கேயே தங்கி, நோன்பிருந்த தோழரைத் தம்முடன் உண்ணச் செய்து, இரவெல்லாம் நின்று தொழ எழுந்தவரை உறங்கச் செய்து, குடும்பத்துக்கும் உடலுக்கும் உள்ள உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது சரியே என்று நாயகமும் ஏற்றுக்கொண்டார்கள். வெளியில் இருந்துகொண்டே விசாரித்திருந்தால் இவ்வளவும் வெளிப்பட்டிராது.

நம்மவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போகிறோம். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சிக்கு விமானத்தில் நான்கு மணி நேரந்தான். போகிறவர்கள் குழுவில் பேசாதவர்களுள் ஒருவருடைய ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டு போகலாம். அஸர் தொழுகைக்கு அவர் மஹல்லாப் பள்ளிக்குச் சென்றால் அங்கேயே இருப்பார். இல்லாவிட்டால் வீட்டைக் காட்டுவார்கள். சென்ட்டுப் புட்டியும் சாக்லேட்டும் கொண்டுபோய்க் கடை பரப்பவேண்டாம். டீ கொடுத்தால் குடித்துவிட்டு, அவர் வீட்டிலேயே மஃக்ரிபுக்கு ஒளுச் செய்துகொண்டு, அவருடன் நடந்து பள்ளிக்குப் போனால் வழியில் அவரே பேசுவார்.

சில ஊர்களில் தேடிப் போகும் வீட்டில் தோழர் இருக்கமாட்டார்; கபருஸ்தானில் இருப்பார். ஐம்பது வயதில் எந்த வகுப்பிலும் நாலைந்து பெயர்கள் அப்படிப் போயிருக்கும். அவர்களுடைய பிள்ளைகள் நம்மை அறியார்கள். மக்கா செல்லும் வழியில் எதிர்ப்பட்ட ஒரு கிராமவாசிக்கு, தாம் ஏறிச் சென்ற கழுதையையும் தலையில் அணிந்திருந்த தலைப்பாகையையும் இப்னு உமர் (ரலி) அவர்கள் கொடுத்துவிட்டார்கள். கிராமத்தவருக்குச் சிறிது கொடுத்தாலே போதுமே என்று உடனிருந்தோர் வியந்தபோது, இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நண்பராயிருந்தவர் என்று காரணம் கூறினார்கள். முஸ்லிம் தொகுப்பில் உள்ள செய்தி இது. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அவர்களுடைய வாப்பா விடுதியில் எப்படிப் பாடினார், எந்தப் பரீட்சையில் எத்தனை மார்க்கு வாங்கினார் என்று சொல்வதற்கு நம்மைத் தவிர வேறு ஆளில்லை. சொல்லி முடித்தபின், மூத்த பையன் என்ன படிக்கிறான், கட்டணம் கட்டியாயிற்றா என்று அவன் தாயாரின் சகோதரரையோ, ஜமாஅத்துக் காரியதரிசியையோ தனியே அழைத்து விசாரித்துக்கொண்டு திரும்பலாம்.